மேட்டில் மட்டும் கொதித்த பிக்கப்: ஒரு குளிரூட்டும் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

மாமாவின் பழைய பிக்கப் என்னிடம் வந்தபோது அதன் குளிரூட்டும் அமைப்பில் பாதிக்கு மேல் புதுச் சாமான்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) புதிது, வாட்டர் பம்ப் புதிது, கீழ் ஹோஸ் புதிது, ஃபேன் பெல்ட் புதிது. அப்படியும் லோடு ஏற்றி மேடு ஏறினால் பத்து நிமிஷத்தில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். "எல்லாத்தையும் மாத்தியாச்சு மாப்ள, இனி இன்ஜினைத்தான் மாத்தணும்போல" என்று வருத்தத்தோடு சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இருபது வருஷமாக அவர் ஓட்டும் வண்டி. அதன்மேல் அவருக்கு இருக்கும் பாசம் எனக்குத் தெரியும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோல், கார்புரேட்டர். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்த பழைய வகை. மூன்று வரிசைக் குழாய்கள், தண்ணீர் மேல் தொட்டியில் நுழைந்து கீழ் தொட்டிக்கு இறங்கும். 13 பிஎஸ்ஐ (அதாவது சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம்) வரை பிடித்துவைக்கும் மூடி மேல் தொட்டியில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறக்க ஆரம்பிப்பது. ஃபேன், பம்ப்பின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் சிலிக்கான் எண்ணெய் உள்ள ஃபேன் கிளட்ச், சூடேறும்போது ஃபேனைத் தண்டோடு பிணைப்பது. ஏசி கிடையாது. உபரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாட்டிலும் கிடையாது. மூடிக்குக் கீழிருந்து கிளம்பும் சின்ன ரப்பர் குழாய் தரையைப் பார்த்துத் தொங்குகிறது. மூடி வழியாக ஒருமுறை வெளியே போன தண்ணீர் போனதுதான், திரும்ப வராது.

எப்போது சூடாகிறது?

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் மாமாவிடம் பேசினேன். ஓவர்ஹீட் ஆகும் வண்டியில் "சூடாகிறதா" என்ற கேள்வியைவிட "எப்போது சூடாகிறது" என்ற கேள்விக்குத்தான் அதிகப் பலன் உண்டு. அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நின்ற இடத்தில் ஸ்லோவில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. வெறும் வண்டியாக மெதுவாகப் போனாலும் ஒன்றும் இல்லை. சமதளத்தில் வேகமாக ஒரு மணி நேரம் ஓட்டினால் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். லோடோடு மேடு என்றால் சட்டென்று ஏறும். ஓரமாக நிறுத்தி ஸ்லோவில் விட்டால் மூன்று நாலு நிமிஷத்தில் தானாக இறங்கிவிடும். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை தண்ணீர் குறையும். ஆனால் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது.

இதில் முதல் வரியே பெரிய வேலையை மிச்சப்படுத்துகிறது. நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். ஃபேன் கிளட்ச் தேய்ந்திருந்தாலோ, ஃபேனைச் சுற்றியுள்ள உறை உடைந்திருந்தாலோ, ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே புழுதி அடைத்திருந்தாலோ, முதலில் நிற்கும்போதுதான் சூடேறும். இங்கே நிற்கும்போது சமர்த்தாக இருக்கிறது. ஆகவே காற்றுப் பக்கத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினாலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்: சூடான இன்ஜினை நிறுத்தியதும் ஃபேன் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றது, கையால் திருப்பினால் பிசுபிசுப்பான எதிர்ப்பு இருந்தது, உறை முழுசாக இருந்தது.

வேகத்திலும் லோடிலும் மட்டும் சூடேறினால் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டரால் அவ்வளவு வெப்பத்தைக் கொடுத்துத் தீர்க்க முடியவில்லை, அல்லது இன்ஜின் அளவுக்கு மீறி வெப்பம் உண்டாக்குகிறது. மூன்றாவது வகையில் பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பெட்ரோல் குறைந்த கலவை, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் எல்லாம் அடங்கும். டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளின் நிறம் இளம் பழுப்பு, கலவை சரி. நான்கு சக்கரமும் கையால் தாராளமாகச் சுற்றின. அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

நோட்டில் எழுதிவிட்டு அன்று சரியாக யோசிக்காமல் விட்டது ஒரு வரி: ஓரமாக நிறுத்தினால் முள் தானாக இறங்குகிறது என்பது. லோடில் ஓடிய வண்டியை நிறுத்தி ஸ்லோவில் விட்டால் வழக்கமாக முள் முதலில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இரும்பில் சேர்ந்திருக்கும் வெப்பம் தண்ணீருக்கு வரும், அதே நேரத்தில் பம்ப்பும் ஃபேனும் மெதுவாகிவிடும். இந்த வண்டியில் ஏறாமல் நேராக இறங்குகிறது. வேகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டு, வேகம் குறைந்ததும் திறந்துகொள்கிறது என்று அந்த ஒரு வரியே சொல்லியிருக்கிறது.

முள்ளும் மூடியும்

பழைய வண்டியில் முள் காட்டுவதை நம்பி வேலையை ஆரம்பிக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் விரல்நுனி அளவுக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் அந்த இடத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். பெயின்ட் ஏன் என்றால், பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைக் குறைத்துக் காட்டும். வெறும் உலோகத்தைக் குறிபார்த்துவிட்டு "சூடே இல்லையே" என்று ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஜின் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 82, 95, 105 டிகிரிக்கு முள் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக்கொண்டேன். ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தும் பார்த்தேன், முள் அசையவில்லை. எர்த் சரியில்லாத வண்டியில் அது அசையும். ஆக முள் சொல்வது உண்மைதான்.

அடுத்து அழுத்தச் சோதனை. குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப்பைப் பூட்டி 13 பிஎஸ்ஐ ஏற்றி, கால் மணி நேரம் விட்டேன். அரை பிஎஸ்ஐகூட இறங்கவில்லை. ஹோஸ் முனைகள், பம்ப்பின் அடியில் உள்ள கசிவுத் துளை, பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகள், ஹீட்டர் குழாய்கள் என எங்கும் ஈரம் இல்லை. சரி, வெளிக்கசிவு கிடையாது. அப்படியானால் அந்த ஒரு லிட்டர் எங்கே போகிறது?

அதே கைப்பம்ப்பில் மூடியைப் பொருத்திச் சோதித்தேன். 7 பிஎஸ்ஐயில் விட்டுவிட்டது.

மாமா மாற்றாமல் விட்டிருந்த சாமான்களில் அதுவும் ஒன்று. "மூடிதானே" என்றார். வண்டிக்காரர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், எனக்கு இது ஆதங்கமான விஷயம். அது ஒரு வால்வு. கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் தண்ணீர், 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறக்குறைய 111 டிகிரியிலும், 13 பிஎஸ்ஐயில் 119 டிகிரியிலும் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 13 பிஎஸ்ஐயில் 125 டிகிரியை ஒட்டிப் போகும். இந்தக் கணக்கை முள்ளின் 100 டிகிரியோடு வைத்துப் பார்த்தால் தாராளமாக இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஹெட்டுக்குள் எக்ஸாஸ்ட் வழிகளை ஒட்டிய இடங்கள் முள் காட்டுவதைவிட நிறையவே சூடாக இருக்கும். அங்கே தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் அந்த இடத்தில் இரும்பைத் தொடுவது தண்ணீரல்ல, ஆவி. ஆவியால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ள முடியாது.

புது மூடி போட்டு, தண்ணீர் நிரப்பி, அதே லோடோடு அதே மேட்டில் ஏறினோம். பத்து நிமிஷத்துக்குப் பதில் பதினைந்து நிமிஷம் ஆனது. அப்புறம் பழையபடி சிவப்பு. மாமாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது, ஏனென்றால் ஒன்றை மட்டும் மாற்றி, அது எவ்வளவு மாற்றியது என்று அளந்து தெரிந்துகொண்டோம். ஒரே நாளில் நாலு சாமான் மாற்றியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

ஹெட் கேஸ்கெட் பயம்

மாமாவைத் தூங்கவிடாமல் செய்தது, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பற்றிய பயம். தண்ணீர் மறைகிறது, கசிவு இல்லை, ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் தெரிகின்றன. இந்த மூன்றையும் கேட்டவுடன் "கேஸ்கெட் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். கேஸ்கெட் போயிருக்கவும் கூடும். ஆனால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதை நிரூபிக்கச் சின்னச் சின்னச் சோதனைகள் இருக்கும்போது ஊகத்தில் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை மூடி போட்ட நிலையில் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை உடனே கையால் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, விரிவடையவும் இல்லை. அப்போதே ஹோஸ் கல்லுபோல் இறுகினால் எரிவாயு உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். இங்கே இரண்டு நிமிஷம் கழித்தும் மெத்தென்றே இருந்தது.

இரண்டாவது, நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, மேலே தேங்கும் காற்றை அந்த நீலத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் திரவத்தில் கலந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால், வாயிலிருந்து நாலு விரல் அளவு தண்ணீரை முன்பே எடுத்துவிட வேண்டும். இருபது முறை உறிஞ்சியும் நீலம் நீலமாகவே இருந்தது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கம்ப்ரஷனும் எடுத்தேன்: ஆறு சிலிண்டரும் 134-க்கும் 142 பிஎஸ்ஐக்கும் இடையில். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கியிருந்தால் கவலைப்பட்டிருப்பேன்.

அப்படியானால் குமிழ்கள்? அவை தெர்மோஸ்டாட் திறந்த நேரத்தில் கிளம்பி, பத்து நிமிஷத்தில் ஓய்ந்துவிட்டன. தண்ணீர் ஊற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அப்படித்தான் வரும். கேஸ்கெட் வழியாக வரும் வாயு ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்தே வரும், ஓயாது, ரேஸ் செய்தால் கூடும்.

இதைப் பார்க்கத்தான் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். "கொஞ்சம் ரேஸ் குடுங்க மாமா" என்றேன், குமிழ் கூடுகிறதா என்று பார்ப்பதற்காக. 3000 சுற்றுக்கு ஏற்றினார். ரேடியேட்டர் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி என் கைமேல் வழிந்தது. குனிந்து பார்த்தால் கீழ் ஹோஸ், யாரோ மிதித்ததுபோலத் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. ஸ்லோவுக்கு வந்ததும் "பொக்" என்று திரும்ப உருண்டையாகிவிட்டது.

நல்லவேளையாக வண்டி அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது, தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. சூடான ரேடியேட்டரின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மேல் ஹோஸை அமுக்கினால் தளர்ந்து கொடுக்கும்வரை காத்திருங்கள். அழுத்தத்தில் இருந்த தண்ணீர் மூடி திறந்த கணத்திலேயே கொதித்து முகத்தில் அடிக்கும்.

தட்டையான ஹோஸ் என்ன சொன்னது

பம்ப் தள்ளும் பக்கம் பிளாக். உறிஞ்சும் பக்கம் கீழ் ஹோஸ். உறிஞ்சும் பக்கத்தின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தால், வெளிக்காற்று ஹோஸை நசுக்கிவிடும். நசுங்கினால் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் சூடேறும். வேகம் குறைந்தால் ஹோஸ் விரிந்து, சூடு இறங்கும். மாமா முதல் நாளே சொன்ன, நான் எழுதிவிட்டுக் கவனிக்காமல் விட்ட வரி இதேதான்.

ஆனால் உடனே முடிவுக்கு வர முடியாது. மூடி திறந்திருக்கும்போது அமைப்புக்குள் அழுத்தமே இல்லை. அந்த நிலையில் ஹோஸ் நசுங்குவது ஓட்டத்திலும் நசுங்குகிறது என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதனால் பழைய 7 பிஎஸ்ஐ மூடியைப் போட்டு, முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ரேஸ் செய்தோம். 3200 சுற்றை நெருங்கும்போது ஹோஸ் உள்வாங்கியது. குளிரவிட்டு, புது 13 பிஎஸ்ஐ மூடியைப் போட்டுத் திரும்பச் செய்தோம். இந்த முறை 4000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் உள்வாங்கியது.

இந்தச் சோதனையைத்தான் முழு வேலையிலும் நான் அதிகம் மதிக்கிறேன். மூடி மேல் தொட்டியில் இருக்கிறது. அது எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறதோ, அதிலிருந்து ரேடியேட்டரைக் கடக்கும்போது இழப்பதையும் ஹோஸில் இழப்பதையும் கழித்தால் மிஞ்சுவதுதான் பம்ப்பின் வாயில் கிடைக்கும் அழுத்தம். மூடி 7-தான் பிடிக்கிறது, வழியில் 8 தொலைகிறது என்றால் பம்ப்பின் வாயில் வெற்றிடம், ஹோஸ் நசுங்கும். மூடி 13 பிடித்தால் அதே இழப்புக்குப் பிறகும் 5 மிஞ்சும். ஹோஸ் உருண்டையாக நிற்கும். வெறும் வால்வு என்று நினைத்த மூடி, இரண்டடி தள்ளியிருக்கும் ஹோஸின் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் மறைந்த மர்மமும் இதோடு தீர்ந்தது. மேல் தொட்டியில் மூடி உள்ள வகையில், பம்ப் தள்ளும் அழுத்தமும் அந்த மூடியின்மேல் விழுகிறது. கீழே போகும் வழி நெரிசலாக இருந்தால் மேல் தொட்டியில் தண்ணீர் முட்டும், வலுவிழந்த மூடியைத் தூக்கிக்கொண்டு சின்னக் குழாய் வழியாக ஓடும் வண்டியிலிருந்தே சாலையில் சிந்திவிடும். நிறுத்தும் இடத்தில் ஈரம் எப்படி இருக்கும்?

கீழ் ஹோஸை மாற்றியபோது என்ன நடந்தது என்று கேட்டேன். பழைய ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருந்ததாம், துருவேறித் துண்டு துண்டாக வந்ததாம், புது ஹோஸ் கம்பி இல்லாமல் வந்ததாம். அந்தக் கம்பி தொழிற்சாலையில் வெற்றிடம் வைத்துத் தண்ணீர் நிரப்புவதற்காக மட்டும் போடப்பட்டது, வண்டிக்குத் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தடித்த, விறைப்பான ஹோஸ் போட்டு, மூடியும் ரேடியேட்டரும் நன்றாக இருந்தால் அது பல வண்டிகளுக்குப் பொருந்தலாம். இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. துருப்பிடிக்காத எஃகுச் சுருள் ஒன்றை ஹோஸின் உள்விட்டத்துக்கு இறுக்கமாகப் பார்த்து உள்ளே செருகினேன்.

மறுபடி அதே மேடு. முள் இப்போது சட்டென்று தாவவில்லை. மெதுவாக ஏறி 105 டிகிரிக் கோட்டருகே நின்றுகொண்டது. நிறுத்தி ஸ்லோவில் விட்டபோது முதலில் இரண்டு டிகிரி ஏறி, பிறகு இறங்கியது. விசித்திரமான நடத்தை போய், சாதாரண நோய் ஒன்று வெளியே தெரிந்தது. மாமாவுக்கு இதுவே போதும் என்றிருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ரேடியேட்டர் வழியே இவ்வளவு அழுத்தம் ஏன் தொலைய வேண்டும்?

ரேடியேட்டருக்குள்

இங்கே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடான இன்ஜினில் மேல் ஹோஸ் 98 டிகிரி, கீழ் ஹோஸ் 79 டிகிரி. வித்தியாசம் 19. "பாருங்க, ரேடியேட்டர் எவ்வளவு நல்லாக் குளிர வைக்குது" என்று இதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் நிறைய. உண்மையில் அது எச்சரிக்கை. ஒரே அளவு வெப்பத்தைக் குறைவான தண்ணீர் சுமந்துபோனால்தான் ஒவ்வொரு லிட்டரும் அவ்வளவு சூடாக வந்து அவ்வளவு குளிர்ந்து போகும். ஓட்டம் தாராளமாக இருந்தால் வித்தியாசம் இதைவிடச் சிறியதாக இருக்கும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம்தான் "தண்ணீர் ரொம்ப வேகமாகப் போனால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது" என்ற பேச்சு. மூடிய சுற்றில் அது தவறு. தண்ணீர் வேகமாகப் போனால் ரேடியேட்டரில் தங்கும் நேரம் குறைகிறது என்பது சரி; ஆனால் அடிக்கடி திரும்ப வருகிறது, குழாய்களின் கடைசி முனைவரை சூடாக இருக்கிறது, காற்றுக்குப் போகும் மொத்த வெப்பம் கூடவே செய்கிறது. மாமாவின் வண்டியில் ஒருமுறை தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். பலன் இல்லாததால் திரும்பப் போட்டார்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் பிளாக்குக்குள் கொஞ்சம் அழுத்தம் தேங்கும். ஹெட்டின் சூடான மூலைகளில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அது உதவுகிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியை மூட வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நான் சிகிச்சையாக ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, ரேடியேட்டர். சூடான நிலையில் இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்பக்கத்திலிருந்து கோர் (குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதி) முழுவதையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கட்டம் கட்டமாக அளந்து ஒரு தாளில் குறித்தேன். தகடுகள் மேட் கறுப்பு என்பதால் அளவு நம்பகமானது. நடுப்பகுதி 80-லிருந்து 88 டிகிரி. இடது ஓரத்தில் ஒரு கையகலப் பட்டை மேலிருந்து கீழ்வரை 50 டிகிரியைத் தாண்டவில்லை. வலது கீழ்மூலை 41. அந்த இடங்களில் தண்ணீரே போகவில்லை.

வடிக்கும்போது இன்னொன்று தெரிந்தது. ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. பிளாக்கின் பக்கவாட்டு வடிகுழாய்த் திருகைக் கழற்றினால் ஒன்றுமே வரவில்லை. துளைக்குள் கம்பி விட்டுக் குத்தினேன். முதலில் களிமண்போல் ஒரு கட்டி, பிறகு குழைந்த சேறு, கடைசியாகத் தண்ணீர். பல வருஷமாக வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய இரும்பு பிளாக்கின் அடியில் துருவும் சுண்ணாம்பும் இப்படித்தான் தங்கும். பாதி வண்டிகளில் ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டுக் கூலன்ட் மாற்றிவிட்டோம் என்கிறோம். பிளாக்கில் இருக்கும் பழசு அப்படியே இருக்கிறது.

சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு, தெளியும்வரை பலமுறை அலசி, ஹீட்டர் கோரை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிளாக்குக்கு அது போதுமானதாக இருந்தது. ரேடியேட்டருக்குப் போதவில்லை. அடைத்துப்போன குழாய்க்குள் கரைசல் நுழைந்தால்தானே கரைக்கும்? திறந்திருக்கும் குழாய்கள் வழியாகவே அது போய்விடுகிறது.

செம்பு-பித்தளை ரேடியேட்டரின் அருமை இங்கேதான். தொட்டி ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது என்பதால் சூடுகாட்டிப் பிரித்துவிடலாம். ரேடியேட்டர் வேலை தெரிந்தவர் மேல் தொட்டியைப் பிரித்ததும் நானும் மாமாவும் எட்டிப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்குக் குழாய்களின் வாயில் துருச் செதில்கள் மூடிபோல் படிந்திருந்தன. அவற்றுக்கடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு மேலும் கீழும் இழுத்து எடுத்தார். மாமா ஒரு செதிலை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஊத்துன தண்ணிதான் இது" என்றார். பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பூட்டிய அலுமினிய ரேடியேட்டராக இருந்திருந்தால் இந்த வேலைக்கு முயலாமல் புதிதாக மாற்றச் சொல்லியிருப்பேன்.

மூன்று குறைகள், ஒரு கொதிப்பு

இப்போது சங்கிலி முழுசாகத் தெரிகிறது. வெறும் தண்ணீரால் துரு, துருவால் அடைப்பு, அடைப்பால் ரேடியேட்டரைக் கடக்கும்போது அழுத்த இழப்பு. அதனால் ஒரு பக்கம் மேல் தொட்டி முட்டி மூடி வழியாகத் தண்ணீர் போனது, மறுபக்கம் பம்ப்பின் வாய் காய்ந்தது. மூடி நன்றாக இருந்திருந்தால் அந்த இழப்பை இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும். கம்பி இருந்திருந்தால் மூடி பலவீனமாக இருந்தும் ஹோஸ் நசுங்கியிருக்காது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் வண்டி சாலையில் நின்றது. பழைய கம்பி உடைந்து வெளியே வந்த நாளிலிருந்துதான் பிரச்சினை பெரிதானது என்பதை மாமாவே தேதி யோசித்துச் சொன்னார். பம்ப்பையும் ஹோஸையும் மாற்றிய வாரம் அது. "ரிப்பேர் பண்ணின பிறகு அதிகமாச்சு" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். புது பம்ப்பில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். புது பம்ப் நல்ல பம்ப். தேய்ந்த பழைய பம்ப்பைவிட வலுவாக உறிஞ்சியதால், கம்பியில்லாத ஹோஸை அது இன்னும் சுலபமாக நசுக்கியது.

நிரப்பும் வேலை பொறுமையைக் கேட்கும். சுத்தமான வடிநீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. வண்டியின் மூக்கை மேடாக நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டுப்பக்கம் முழுக்கத் திறந்து, மூடி இல்லாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினேன். ஹீட்டரிலிருந்து ஒரே சீராகச் சூடான காற்று வந்தால் காற்றடைப்பு இல்லை என்று அர்த்தம். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாமல் டப்பாவில் பிடித்து மூடி வைத்தோம். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். மூடியின் சின்னக் குழாயைத் தரைக்கு விடாமல் ஒரு பாட்டிலுக்குக் கொண்டுபோய், குளிரும்போது தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் வால்வு உள்ள மூடியாக மாற்றினேன். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில், பிளாக்கிலிருந்து இன்னும் வரும் துருவைப் பிடிக்க ஒரு நைலான் துணிச் சல்லடை.

அதே லோடு, அதே மேடு. உச்சியில் 91 டிகிரி. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் 10. 4000 சுற்றிலும் கீழ் ஹோஸ் உருண்டையாக நின்றது. மாமா இறங்கி, பானெட்டைத் திறந்து, தானே குனிந்து அந்த ஹோஸைப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துச் சல்லடையைக் கழற்றினால் ஒரு ஸ்பூன் துரு இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு சிட்டிகை. கூலன்ட் மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஆனால் பிளாக்கின் பின்பக்கக் கோர் பிளக்கின் ஓரத்தில் வெளிறிய பச்சைக் கறை ஒன்று புதிதாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் துருவே அடைத்து வைத்திருந்த ஓட்டை, உள்ளே சுத்தமானதும் ஈரம் கசிய ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பிளக்கைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டும் எப்படியும் மாற்றவேண்டிய நிலையில்தான் இருக்கிறது. மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறோம்.